வீட்டுச் சேர்வரில் பல டிஸ்க், பல போல்டர்: அடிக்கடி கேட்கிற கேள்விகள்

பழைய டெஸ்க்டொப் ஒன்றைத் தூசி தட்டி, அலுமாரியில் கிடந்த ஹார்ட் டிஸ்க்குகளை உள்ளே மாட்டி, அதையே வீட்டுச் சேமிப்புச் சேர்வர் ஆக்கிக்கொள்கிறவர்கள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் இப்போது நிறைய. டிஸ்க் மாட்டுவது, ஓப்பன்மீடியாவால்ட் என்ற இலவசச் சேர்வர் சிஸ்டத்தை நிறுவுவது வரைக்கும் எல்லோரும் தாங்களாகவே வந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வீட்டில் மற்றவர்களும் நெட்வொர்க் வழியாகத் திறக்கும்படி போல்டர்களைப் பகிரும்போதுதான் கேள்வி மேல் கேள்வி வரும். திரும்பத் திரும்ப ஒரே பதிலை வட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருக்காமல் இங்கே எழுதி வைக்கிறேன்.

பதில்களுக்கு ஒரு வீட்டை உதாரணமாக வைத்துக்கொள்வோம். சிஸ்டம் 120 ஜிபி எஸ்எஸ்டியில் இருக்கிறது. உள்ளே 4, 4, 2 டெராபைட் என்று மூன்று டிஸ்க், வெளியே யூஎஸ்பியில் 8 டெராபைட் ஒன்று. பாவிப்பவர்கள் அப்பா, அம்மா, கல்யாண வீடுகளில் படம் எடுக்கிற அண்ணா, பள்ளிக்கூடம் போகிற தங்கச்சி, அத்தோடு ஹோலில் இருக்கிற டிவி.

டிஸ்க்குக்கு ஒரு பகிர்வாகப் போடுவதா, எல்லாவற்றையும் ஒன்றாக்குவதா?

டிஸ்க்கை மறந்துவிட்டு முதலில் ஆட்களை யோசியுங்கள். அம்மாவுக்கு 'டிஸ்க் 2' என்றால் ஒன்றும் விளங்காது, விளங்கத் தேவையும் இல்லை, அவருக்கு வேண்டியது 'படங்கள்'. டிஸ்க்கின் பெயரில் பகிர்வு வைத்த வீடுகளில் நடப்பது ஒன்றுதான்: முதல் டிஸ்க் நிரம்பும், படங்களில் பாதி அதிலும் மீதி அடுத்ததிலுமாகக் கிடக்கும், மூன்றாவதில் 'படங்கள் புதிது' என்று ஒரு போல்டர் முளைக்கும், கடைசியில் எது எங்கே என்று சேர்வர் அமைத்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்டால்தான் தெரியும். ஆகவே பகிர்வுகளின் பெயர் எப்போதும் பயன்பாட்டின் பெயராக இருக்கட்டும்: படங்கள், ஆவணங்கள், வீடியோ, அண்ணாவின் வேலை. அது எந்த டிஸ்க்கில் கிடக்கிறது என்பது சேர்வரின் பாடு.

அதற்காக டிஸ்க்கை ஒன்றாக்கியே ஆகவேண்டும் என்றில்லை. இரண்டு பகிர்வு, இரண்டு டிஸ்க், ஒவ்வொன்றும் ஒரு டிஸ்க்கில் தாராளமாக அடங்கும் என்றால் ஒன்றையும் சேர்க்காமல் அப்படியே விடுங்கள். ஒரு பகிர்வு ஒரு டிஸ்க்குக்குள் அடங்காது என்று வரும்போதுதான் அடுத்த கேள்வி வருகிறது.

சேர்ப்பதற்கு எத்தனையோ வழி சொல்கிறார்கள். எதைப் பிடிப்பது?

வழிகள் பல. ஆனால் எல்லாவற்றிடமும் ஒரே கேள்வியைத்தான் நான் கேட்பேன்: ஒரு டிஸ்க் செத்தால் மற்ற டிஸ்க்குகளில் இருப்பதற்கு என்ன ஆகும்?

ரெய்ட் என்பது பல டிஸ்க்கை ஒன்றாக ஓட்டுகிற ஏற்பாடு. அதில் ரெய்ட் 0 என்றால் எல்லாம் போச்சு. பைலைத் துண்டு துண்டாக எல்லா டிஸ்க்கிலும் பரப்பி எழுதுவதால் ஒன்று போனாலே மிச்சத்தில் கிடப்பது உதவாத துண்டுகள்தான். லினக்ஸின் எல்விஎம் என்ற ஏற்பாட்டில் டிஸ்க்குகளை நீளமாக ஒட்டினாலும் ஒன்று போன பிறகு மிச்சத்தை மீட்பது பெரும்பாடு. ரெய்ட் 5 ஒரு டிஸ்க் போவதைத் தாங்கும். ஆனால் 4, 4, 2 என்று அளவு கலந்திருந்தால் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஆகச் சிறியதன் அளவைத்தான் எடுத்துக்கொள்ளும், அதாவது மூன்றிலும் இரண்டிரண்டு டெராபைட், அதிலும் ஒரு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போக, பாவிக்கக் கிடைப்பது 4. ட்ரூநாஸ் என்ற சேர்வர் சிஸ்டம் பாவிக்கிற இசட்எஃப்எஸ் பைல் முறை நல்ல சாமான், பைல் கெட்டுப்போனால் கண்டுபிடித்துச் சொல்லும், ஆனால் ஒரே அளவான டிஸ்க்குகளைச் சேர்த்து வாங்குகிறவர்களுக்குத்தான் அது தோது. அன்ரெய்ட் என்ற சேர்வர் சிஸ்டம் அளவு கலந்த டிஸ்க்குகளுக்கென்றே செய்தது, காசு கட்டி உரிமம் எடுக்கவேண்டும். சினோலொஜியின் ரெடிமேட் சேமிப்புப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே எஸ்எச்ஆர் என்ற ஏற்பாடு இருக்கிறது, அவர்கள் இதற்குள் தலையைப் போடத் தேவையில்லை.

எங்கள் உதாரண வீட்டுக்கு நான் சொல்வது மெர்ஜர்எஃப்எஸ். இலவசம், ஓப்பன்மீடியாவால்டில் பிளகினாகவே போடலாம். டிஸ்க் ஒவ்வொன்றும் தன் ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் பைல் முறையோடு தனித்தனியாகவே இருக்கும். மெர்ஜர்எஃப்எஸ் அவற்றின் மேல் நின்று மூன்றையும் ஒரே போல்டர் மரமாகக் காட்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு பைலும் முழுசாக ஏதோ ஒரு டிஸ்க்கில் இருக்கும். ஒரு டிஸ்க் செத்தால் அதில் இருந்தது மட்டும் போகும். மற்ற டிஸ்க்கைக் கழற்றி வேறு எந்த லினக்ஸ் கணினியில் மாட்டினாலும் பைல்களைத் திறந்து பார்க்கலாம். வீட்டுக்கு இந்தக் குணம் ஒன்றே போதும் என்பது என் எண்ணம்.

மெர்ஜர்எஃப்எஸ் போட்டேன். மொத்தம் 3 டெராபைட் காலி என்று காட்டுகிறது, ஆனால் கொப்பி பண்ணினால் 'இடமில்லை' என்கிறது. ஏன்?

இது அநேகமாக எல்லோருக்கும் வரும். புதிய பைலை எந்த டிஸ்க்கில் வைப்பது என்று முடிவெடுக்க மெர்ஜர்எஃப்எஸ்ஸுக்கு ஒரு விதி கொடுக்கவேண்டும். அந்த விதிகளில் 'ஈபி' என்று தொடங்குகிறவை எல்லாம், அந்தப் போல்டர் ஏற்கெனவே எந்த டிஸ்க்கில் இருக்கிறதோ அங்கேதான் எழுதும். 'ஈபிஎம்எஃப்எஸ்' விதியில் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். 'அண்ணாவின் வேலை' போல்டர் முதல் டிஸ்க்கில் மட்டும் இருக்கிறது. அது நிரம்பிவிட்டது. பக்கத்து டிஸ்க்கில் 3 டெராபைட் சும்மா கிடந்தாலும் அங்கே அந்தப் போல்டர் இல்லையே, ஆகவே 'இடமில்லை'. மொத்தக் கணக்கு காட்டும் இடத்தில் மூன்று டிஸ்க்கையும் கூட்டிக் காட்டுவதால் பார்க்கிறவருக்குப் பைத்தியம் பிடிக்கும்.

தீர்வு இரண்டு. ஒன்று, விதியை 'எம்எஃப்எஸ்' ஆக மாற்றுவது: எந்த டிஸ்க்கில் ஆகக் கூடுதலான இடம் இருக்கிறதோ அங்கே எழுதும், போல்டர் இல்லாவிட்டால் தானே உருவாக்கிக்கொள்ளும். மற்றது, அதே பழைய விதியில் இருந்துகொண்டு, நிரம்பாத டிஸ்க்கிலும் அந்தப் போல்டரைக் கையால் உருவாக்கி வைப்பது. பெரும்பாலான வீடுகளுக்கு முதலாவது போதும். இரண்டாவதை ஏன் சிலர் விரும்புகிறார்கள் என்றால், ஒரு கல்யாணத்தின் படங்கள் எல்லாம் ஒரே டிஸ்க்கில் சேர்ந்து கிடக்கவேண்டும், டிஸ்க் செத்தால் போவது முழுக் கல்யாணமாகப் போகட்டும், ஒவ்வொரு கல்யாணத்திலும் நாலு படம் காணாமல் போவதை விட அது மேல் என்பார்கள். அண்ணாவின் தொழிலுக்கு அந்த நியாயம் சரிதான். முழுசாகப் போனால் எதை பேக்கப்பில் இருந்து எடுக்கவேண்டும் என்றாவது உடனே தெரியும்.

'மின்ஃப்ரீஸ்பேஸ்' என்ற எண்ணையும் ஒருமுறை பாருங்கள். அந்த அளவுக்குக் கீழே காலியிடம் இறங்கிய டிஸ்க்கைப் புதிய பைலுக்குத் தொடாது. இயல்பாக 4 ஜிபி. அண்ணா ஏற்றுகிற ஒரே வீடியோ பைல் 60 ஜிபி வரும் என்றால் இந்த எண்ணை அதற்கு மேலே வையுங்கள், இல்லாவிட்டால் 10 ஜிபி மிஞ்சிய டிஸ்க்கில் எழுதத் தொடங்கி நடுவழியில் நிற்கும். மூன்று டிஸ்க்கிலும் மிஞ்சியதைக் கூட்டினால் இடம் வரும் என்று நினைக்கவேண்டாம், ஒரு பைல் இரண்டு டிஸ்க்கில் பிரிந்து உட்காராது.

மெர்ஜர்எஃப்எஸ் வேண்டாம். ஒரே பகிர்வுக்குள் மூன்று டிஸ்க்கும் மூன்று போல்டராகத் தெரிந்தால் போதும். சிம்லிங்க் (வேறிடத்துப் போல்டருக்கு ஒரு குறுக்குவழி) போட்டேன், திறக்க மாட்டேன் என்கிறது.

திறக்காதுதான். பகிர்வுக்கு வெளியே போகிற சிம்லிங்க்கை, லினக்ஸ் போல்டரை விண்டோஸுக்குப் பகிர்கிற சம்பா என்ற மென்பொருள் இயல்பாகவே பின்தொடராது, பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். 'வைட் லிங்க்ஸ்' என்ற அமைப்பைத் திறந்துவிடச் சொல்லி இணையத்தில் பலர் சொல்வார்கள், செய்யாதீர்கள். டிஸ்க்கை நேரடியாக அந்தப் போல்டரின் கீழேயே மவுண்ட் பண்ணுங்கள், அதாவது அந்த இடத்திலேயே திறக்கும்படி பொருத்துங்கள், அல்லது வேறிடத்தில் பொருத்தியதை இங்கேயும் காட்டுகிற பைண்ட் மவுண்ட் போடுங்கள்.

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. விண்டோஸ் காலியிடத்தைக் கேட்பது பகிர்வின் வாசலில்தான். வாசல் இருப்பதோ 120 ஜிபி எஸ்எஸ்டியில். ஆகவே உள்ளே 4 டெராபைட் டிஸ்க் காலியாக இருந்தாலும் 'இடம் 90 ஜிபி' என்று காட்டி, பெரிய கொப்பியைத் தொடங்கவே விடாது. அதனால்தான் இந்த வழியை நான் யாருக்கும் முதலில் சொல்வதில்லை.

டிஸ்க்கில் ஏற்கெனவே விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பைல் முறையில் படங்கள் இருக்கின்றன. அப்படியே மாட்டலாமா?

வாசிக்க மாட்டலாம். நிரந்தரமாக வைக்கவேண்டாம். லினக்ஸின் உரிமை, குழு, அனுமதி எல்லாம் அதில் சரியாக உட்காராது, விண்டோஸில் சரியாக மூடாமல் கழற்றிய டிஸ்க் என்றால் எழுதவே விடாமலும் நிற்கும். 8 டெராபைட் டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் கொப்பி பண்ணி, எண்ணிக்கையும் அளவும் சரிதானா என்று பார்த்து, அப்புறம் இந்த டிஸ்க்கை ஈஎக்ஸ்டி4 ஆக்கித் திரும்ப நிரப்புங்கள். ஒரு இரவு போகும், பரவாயில்லை.

போல்டர் தெரிகிறது, திறக்கிறது, ஆனால் எழுத விடவில்லை. அல்லது அண்ணா வைத்த பைலைத் தங்கச்சியால் மாற்ற முடியவில்லை.

உள்ளே போக இரண்டு கதவு இருக்கிறது. முதல் கதவு சம்பா: இந்தப் பகிர்வுக்குள் யார் வரலாம், எழுதலாமா, வாசிக்க மட்டுமா. இரண்டாவது கதவு லினக்ஸின் பைல் அனுமதி. இரண்டும் திறந்திருந்தால்தான் எழுதலாம். ஓப்பன்மீடியாவால்டில் பகிர்ந்த போல்டரின் பயனர் உரிமைகளில் எழுதும் உரிமையைக் கொடுத்துவிட்டு 'கொடுத்தேனே' என்பார்கள். அது முதல் கதவு மட்டும்தான்.

அண்ணா–தங்கச்சி பிரச்சினை கொஞ்சம் நுணுக்கமானது. கையால் அமைத்த சம்பாவில் புதிய பைலுக்கு 'கிரியேட் மாஸ்க்' இயல்பாக 0744. அதாவது வைத்தவர் எழுதலாம், மற்றவர்கள் எல்லோரும் வாசிக்கத்தான் முடியும். அண்ணா வைத்ததை அண்ணாவே மாற்றலாம், தங்கச்சி பார்த்துக்கொண்டிருக்கலாம். இதைத் தீர்க்க, வீட்டாருக்கு ஒரு குழு உருவாக்குங்கள். எல்லோரையும் அதில் சேருங்கள். போல்டரை அந்தக் குழுவுக்குக் கொடுத்து அனுமதியை 2775 ஆக வையுங்கள். முன்னால் இருக்கிற அந்த 2 முக்கியம், அதனால்தான் உள்ளே புதிதாக வருகிற ஒவ்வொன்றும் வைத்த ஆளின் குழுவுக்குப் போகாமல் போல்டரின் குழுவுக்கே போகிறது. பிறகு சம்பாவில் இந்த மாஸ்க்கைப் பைலுக்கு 0664, போல்டருக்கு 2775 என்று வையுங்கள், அப்போது குழுவில் எல்லோரும் எழுதலாம். ஏற்கெனவே கிடக்கிற பைல்களுக்கு இது தானாகப் போய்ச் சேராது, ஒருமுறை முழுவதற்கும் மாற்றிவிட வேண்டும்.

மெர்ஜர்எஃப்எஸ் இருந்தால் இந்த மாற்றத்தைச் சேர்ந்த மரத்தின் வழியாகவே செய்யுங்கள், எல்லா டிஸ்க்கிலும் உள்ள அதே போல்டருக்கு அதுவே கொண்டுபோகும். தனி டிஸ்க்கின் பாதையில் போய் மாற்றினால் முதல் டிஸ்க்கில் ஒரு அனுமதி, இரண்டாவதில் வேறு அனுமதி என்று ஆகும். அப்போது வருகிற நோய்க்குறி வேடிக்கையானது: ஒரே போல்டரில் சில பைலை எழுத விடும், சிலதை விடாது, நேற்று விட்டது இன்று விடாது. இப்படி யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஆளுக்கு ஆள் தனி அனுமதி கொடுக்கிற ஏசிஎல் என்று இன்னொரு பக்கமும் ஓப்பன்மீடியாவால்டில் இருக்கும். வீட்டுக்குத் தேவையில்லை, தொடாமல் விடுங்கள். அதைத் தொட்டுக் குழப்பிக்கொண்டவர்கள்தான் இந்தக் கேள்வியோடு அதிகம் வருகிறார்கள்.

அப்பாவின் லப்டொப்பில் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எல்லோருக்கும் திறந்துவிட்டால் என்ன?

விருந்தினர் நுழைவைத் திறந்தாலும் புதிய விண்டோஸ் பல, குறிப்பாக விண்டோஸ் 11 புரோ, பாஸ்வேர்ட் இல்லாத பகிர்வுக்குள் போக மறுக்கும். ஆளுக்கு ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்ட் கொடுத்து, லப்டொப்பில் ஒருமுறை நினைவில் வைக்கச் சொல்லிவிடுங்கள்.

விண்டோஸில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: ஒரே சேர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் போக விடாது. அப்பா தன் பெயரில் 'படங்கள்' திறந்திருக்கும்போது அண்ணாவின் பெயரில் 'அண்ணாவின் வேலை' திறக்கப் பார்த்தால் 1219 என்ற பிழை வரும். பாஸ்வேர்டில் பிழை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப மாற்றாதீர்கள். பழைய இணைப்பைத் துண்டித்து, கிரெடென்ஷியல் மனேஜரில் இருக்கிற பழைய பெயரை அழித்துவிட்டுப் போங்கள். அதை விட, அப்பாவின் பெயருக்கே தேவையான பகிர்வுகளைக் கொடுத்துவிடுவதுதான் சரி.

பழைய டிவிப் பெட்டி ஒன்று எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு முறை இல்லாமல் ஓடாது என்றால் அதற்காகச் சேர்வரில் அந்தப் பழையதைத் திறந்துவிடாதீர்கள். 2017 இல் பைல்களைப் பூட்டிக் காசு கேட்கிற வனாக்ரை ரான்சம்வேர் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி 1 ஓட்டை வழியாகத்தான். டிவிக்கு வீடியோவை, டிவிகள் வழமையாக அறிந்த டிஎல்என்ஏ என்ற முறை வழியாகக் கொடுத்தால் முடிந்தது கதை.

போல்டருக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

தாராளமாக. பகிர்வின் பெயரை மட்டும் இடைவெளி இல்லாத ஆங்கில எழுத்தில் வையுங்கள், டிவியும் பழைய போன் செயலிகளும் அதில்தான் தடுமாறும். உள்ளே இருப்பது என்ன மொழியிலும் இருக்கலாம். ஆனால் தமிழுக்கென்று இரண்டு சிக்கல் இருக்கிறது, ஆங்கிலத்தில் பெயர் வைக்கிறவர்களுக்கு இவை வராது.

முதலாவது நீளம். ஈஎக்ஸ்டி4 இல் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போக முடியாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் 255 என்றுதான் சொல்லும், ஆனால் அது எண்ணுவது குறியீடுகளை. தமிழில் ஒரு யூனிகோட் குறியீடு 3 பைட் எடுக்கும். 'கி' என்பது ககரமும் இகரக் குறியும், ஆக 6 பைட். புள்ளி வைத்த 'க்' கும் 6. ஆகவே 255 பைட் என்பது 85 குறியீடு, எழுத்தாக எண்ணினால் ஐம்பது சொச்சம்தான். மணமகன், மணமகள், மண்டபம், திகதி என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் எழுதுகிற அண்ணாவுக்கு லப்டொப்பில் போகிற பெயர் சேர்வரில் 'பெயர் நீளம்' என்று திரும்பி வரும்.

இரண்டாவது இன்னும் மோசம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. 'கொ' வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒற்றைக் குறியாக 'ொ', அல்லது ககரம், கொம்பு, கால் என்று மூன்றாக. பழைய மக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் இரண்டாவது விதமாகப் பிரித்து வைக்கும். லினக்ஸ் பைட்டைத்தான் பார்க்கும், எழுத்தைப் பார்க்காது. ஆகவே 'கொழும்பு' என்ற போல்டர் ஒரு விதத்தில் 24 பைட், மறு விதத்தில் 27 பைட், சேர்வருக்கு அவை இரண்டு வேறு போல்டர். திரையில் பார்த்தால் அச்சொட்டாக ஒரே பெயரில் இரண்டு 'கொழும்பு' நிற்கும், ஒன்றில் பாதிப் படம், மற்றதில் மீதி. ஒ, ஓ, ஔ ஓசை வருகிற உயிர்மெய் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. பழைய மக்கிலிருந்து ஆர்சிங்க் என்ற கொப்பிக் கருவி வழியாகக் கொண்டுவருகிறீர்கள் என்றால் அதன் ஐகான்வ் அமைப்பில் மக் எழுத்துமுறையைக் குறிப்பிடுங்கள். ஏற்கெனவே வந்துவிட்டால் கான்வெம்வி என்ற சிறு கருவி பெயர்களை ஒரே விதமாக்கித் தரும். முதலில் மாற்றாமல் என்ன மாற்றப்போகிறேன் என்று காட்டும், அதைப் பார்த்துவிட்டு ஓட விடுங்கள்.

பாமினியில் தட்டிய பழைய பைல் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிவது சேர்வரின் குற்றமல்ல. அது உண்மையிலேயே ஆங்கில எழுத்துதான், எழுத்துருதான் தமிழ் வேஷம் கட்டியது. பெயரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

கரண்ட் போய் வந்த பிறகு ஒரு டிஸ்க்கில் இருந்தது எல்லாம் காணவில்லை!

பதறாதீர்கள், அநேகமாக டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதில் எழுதுவதை உடனே நிறுத்துங்கள், காரணம் இருக்கிறது. டிஸ்க் மவுண்ட் ஆகாதபோது அது உட்காரவேண்டிய இடம் எஸ்எஸ்டியில் ஒரு வெற்றுப் போல்டராக நிற்கும். சம்பாவுக்கோ மெர்ஜர்எஃப்எஸ்ஸுக்கோ அந்த வித்தியாசம் தெரியாது. அண்ணா வந்து 80 ஜிபி கொப்பி பண்ணுவார், அது எஸ்எஸ்டிக்குப் போகும், இன்னும் கொஞ்சம் வந்தால் எஸ்எஸ்டி நிரம்பிச் சேர்வரே படுக்கும். அடுத்த முறை டிஸ்க் சரியாக மவுண்ட் ஆனதும் அந்த 80 ஜிபி அதன் அடியில் மறைந்து போய், தேடினாலும் கிடைக்காது.

தடுக்க எளிய வழி: டிஸ்க் மவுண்ட் ஆகாத நேரத்தில் அந்த வெற்றுப் போல்டரை 'சிஎச்அட்டர்' கட்டளையால் மாற்ற முடியாததாக ஆக்கி வையுங்கள். டிஸ்க் இருந்தால் வழமை போல ஓடும், இல்லாவிட்டால் எழுத முடியாமல் பிழை காட்டும். அந்தப் பிழைதான் உங்களுக்கு வேண்டிய எச்சரிக்கை. எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆகும் என்ற 'எஃப்எஸ்டேப்' பட்டியலைக் கையால் எழுதுகிறவர்கள் டிஸ்க்கை அதன் யூயூஐடி என்ற அடையாள எண்ணால் குறியுங்கள், எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் அடுத்த பூட்டில் இடம் மாறலாம். 'நோஃபெயில்' சேருங்கள், இல்லாவிட்டால் ஒரு டிஸ்க் வராததற்காகச் சேர்வர் முழுக்கப் பூட் ஆகாமல் நிற்கும்.

யூபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த ஊர் இது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. எந்த யூபிஎஸ்ஸும் 13 மணித்தியாலம் தாங்காது, தாங்கவும் தேவையில்லை. வாங்கும்போது பின்னால் யூஎஸ்பி தரவுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சேர்வரில் செருகி, 'நட்' என்ற மென்பொருளை அமைத்தால், பற்றரி இறங்க முதலே சேர்வர் தானாக ஒழுங்காக மூடிக்கொள்ளும். யூஎஸ்பி இல்லாத யூபிஎஸ் பத்து நிமிடம் பிந்தி அதே விபத்தைத்தான் தரும், நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில்.

ஒரு டிஸ்க் செத்தால்?

மெர்ஜர்எஃப்எஸ்ஸில் பாதுகாப்பு ஒன்றும் இல்லை, அது காட்டுவது மட்டும்தான். ஸ்னாப்ரெய்ட் என்ற மென்பொருளைச் சேர்த்தால் ஒரு டிஸ்க்கைச் சமனிக்கு (பாரிட்டி, அதாவது மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டு வைக்கிற மீட்புத் தகவலுக்கு) ஒதுக்கி, செத்த டிஸ்க்கில் இருந்ததை மீட்கலாம். அந்த டிஸ்க் மற்ற எந்த டிஸ்க்கையும் விடச் சிறிதாக இருக்கக்கூடாது, எங்கள் வீட்டில் ஒரு 4 டெராபைட் அதற்கே போகும். ஸ்னாப்ரெய்ட் கடைசியாகச் சிங்க் ஓடிய, அதாவது சமனியைப் புதுப்பித்த, நேரத்து நிலைக்குத்தான் மீட்கும். படம், வீடியோ போல வைத்தால் மாறாத பைல்களுக்கு நல்லது, நாள் முழுக்க மாறுகிற பைல்களுக்குச் சரிவராது.

ஆனால் என்னைக் கேட்டால், இருக்கிற காசுக்கு முதலில் பேக்கப். சமனி டிஸ்க்கோ ரெய்டோ பேக்கப் இல்லை: தங்கச்சி ஒரு போல்டரைத் தவறி அழித்தால் ரெய்டும் உண்மையாக அழிக்கும், லப்டொப்பில் ரான்சம்வேர் புகுந்தால் எழுதும் உரிமை இருக்கிற பகிர்வு எல்லாவற்றையும் பூட்டிவிடும். அந்த 8 டெராபைட் டிஸ்க்கில் ஆவணங்கள், படங்கள், அண்ணாவின் வேலை மூன்றையும் எடுத்து, கழற்றி, கொட்டாஞ்சேனையில் இருக்கிற மாமி வீட்டு அலுமாரியில் வையுங்கள். மாதம் ஒருமுறை சோறு சாப்பிடப் போகும்போது எடுத்துவந்து புதுப்பித்தால் போதும். சினிமாப் படங்களுக்குப் பேக்கப் தேவையில்லை, போனால் போகட்டும்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்கிற ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197, 198 என்று எண்ணிட்ட வரிகளின் கணக்கு பூச்சியத்திலிருந்து ஏறத் தொடங்கினால் புது டிஸ்க்குக்குக் காசு சேருங்கள். 199 ஏறினால் முதலில் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். வெப்பம் 45 பாகைக்கு மேல் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொழும்பு வெயிலில் மூடிய அலுமாரிக்குள் சேர்வரை வைத்தால் அது முடியாது. கடற்கரை வீதிப் பக்கம் ஜன்னல் ஓரத்தில் வைத்தால் உப்புக் காற்று வேறு, உள் அறையில் நிலத்திலிருந்து ஓரடி உயர்த்தி வையுங்கள்.

கொப்பி 11 எம்பியிலேயே நிற்கிறது. டிஸ்க்குகளைச் சேர்த்தால் வேகம் கூடுமா?

கூடாது. ஒரு பைல் ஒரு டிஸ்க்கில்தான் இருக்கிறது. நொடிக்கு 11, 12 மெகாபைட் என்றால் அது 100 மெகாபிட் இணைப்பின் எல்லை, டிஸ்க்கில் குற்றம் இல்லை. கிகாபிட்டுக்கு கேபிளில் நாலு சோடிக் கம்பியும் வேண்டும், 100 க்கு இரண்டு போதும். ஒரு கம்பி சரியாகக் கவ்வாவிட்டால் சத்தமில்லாமல் 100 க்கு இறங்கிவிடும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் முனை பூட்டியே விற்கிற கேபிள் ஒன்றை வாங்கி மாற்றுங்கள், அதோடு ரவுட்டரின் துளை கிகாபிட்தானா என்றும் பாருங்கள். சரியாக இருந்தால் 110 மெகாபைட் அளவில் ஓடும்.

ரொறன்ரோவில் இருக்கிற அக்காவுக்கும் படங்கள் தெரியவேண்டும்.

ரவுட்டரில் பகிர்வுகள் ஓடுகிற 445 ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறக்காதீர்கள். யார் சொன்னாலும் சரி. வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக வர வழி தருகிற வயர்கார்ட் அல்லது டெய்ல்ஸ்கேல் அமைத்து, அக்காவுக்கு வாசிக்க மட்டும் உரிமையுள்ள தனிப் பெயர் ஒன்று கொடுங்கள். டெய்ல்ஸ்கேல் என்றால் உங்களுக்குப் பொது ஐபி இல்லாவிட்டாலும் வேலை செய்யும். அவர் கேட்பது படம் பார்க்க மட்டும்தான் என்றால், இம்மிச் போன்ற படச் செயலி ஒன்றைச் சேர்வரில் போட்டு அதைக் காட்டுவது இன்னும் லேசு.

2 டெராபைட் டிஸ்க்கை எடுத்துவிட்டு பெரிசு போடவேண்டும். பகிர்வு எல்லாம் திரும்பச் செய்யவேண்டுமா?

வேண்டாம். மெர்ஜர்எஃப்எஸ் போட்டதன் பலன் இங்கேதான் தெரியும். புதிய டிஸ்க்கை மாட்டி ஈஎக்ஸ்டி4 ஆக்குங்கள். சம்பாவை நிறுத்துங்கள், யாரும் இடையில் எழுதக்கூடாது. பழைய டிஸ்க்கின் சொந்தப் பாதையிலிருந்து புதியதன் சொந்தப் பாதைக்கு, சேர்ந்த மரத்தின் வழியாக அல்லாமல், உரிமைகளோடு சேர்த்து ஆர்சிங்க் ஓட விடுங்கள். முடிந்ததும் இன்னொரு முறை ஓட விடுங்கள், இரண்டாம் முறை ஒன்றும் கொப்பியாகாமல் முடிந்தால் சரி. மெர்ஜர்எஃப்எஸ்ஸின் பட்டியலில் பழையதை எடுத்துப் புதியதைச் சேருங்கள். சம்பாவைத் தொடங்குங்கள். பகிர்வின் பெயர், பாஸ்வேர்ட், அனுமதி ஒன்றும் மாறியிருக்காது, காலியிடம் மட்டும் கூடியிருக்கும். பழைய டிஸ்க்கை உடனே அழிக்காமல் அடுத்த பேக்கப் எடுத்து முடியும் வரைக்கும் ஒரு பக்கம் வைத்திருங்கள்.